அம்மாவின் முழங்கால் வலி: வீட்டிலிருந்தே என்ன செய்யலாம், எதை உடனே நிறுத்த வேண்டும்?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 72 வயது, எடை 68 கிலோ. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், எக்ஸ்ரே அறிக்கையில் கிரேடு 3 என்று இருக்கிறது. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். பிரஷருக்கு டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சேர்ந்த ஒரு மாத்திரை. இரவில் பாதம் எரிகிறது. ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்கிறார். வலி கூடும்போது மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வைத்த மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். பகலில் வீட்டில் அவர் மட்டும்தான். இந்த வலியை வீட்டிலேயே எப்படிச் சமாளிப்பது?

முதலில் அந்த மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் அசெக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325, செர்ராஷியோபெப்டிடேஸ் 15 என்று மூன்று பெயர் இருக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நிமெசுலைட், எட்டோரிகாக்ஸிப் என்றும் இருக்கலாம். பாராசிட்டமாலையும் செர்ராஷியோபெப்டிடேஸையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மற்றவை எல்லாம் ஒரே குடும்பம். உங்கள் அம்மா சாப்பிடும் பிரஷர் மாத்திரையோடு இந்தக் குடும்பம் சேரக் கூடாது.

காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது. ரத்தத்தை வடிகட்ட அதற்கு உள்ளே ஓர் அழுத்தம் வேண்டும். ரத்தம் உள்ளே வரும் குழாயை வலி மாத்திரை சுருக்குகிறது. வெளியேறும் குழாயை டெல்மிசார்டான் தளர்த்துகிறது. உடம்பில் இருக்கும் நீரின் அளவை நீர் மாத்திரை குறைக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தம் விழுந்துவிடும். சாதாரண நாளில் தாக்குப்பிடிக்கும் சிறுநீரகம், சித்திரை வெயிலிலோ இரண்டு நாள் வயிற்றுப்போக்கிலோ சட்டென்று செயலிழக்கும். சிறுநீரகம் இப்படிக் கெடும்போது வலி எதுவும் தெரியாது. கிரியாட்டினின் பரிசோதனையில்தான் தெரியும். அப்படிக் கெட்டால் மெட்ஃபார்மினும் உடம்பில் தேங்கத் தொடங்கும். இதோடு வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, பிரஷர் ஏறுவது, கால் வீக்கம் எல்லாம் வேறு. இதயத்துக்கு ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ சாப்பிடுபவர் என்றால் ரத்தக்கசிவு ஆபத்து இன்னும் அதிகம். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையே தடுத்துவிடும்.

"மாத்திரைதானே ஆகாது, ஊசி போட்டுக்கொள்கிறேன்" என்பது அடுத்த தப்பு. தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் போடும் வலி ஊசி பெரும்பாலும் அதே டைக்ளோஃபெனாக்தான். வாய் வழியாகப் போகாவிட்டாலும் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் செய்வதைச் செய்யத்தான் செய்யும்.

இந்த வகை மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. இன்றே நிறுத்தலாம். நிறுத்திய வாரத்திலேயே கிரியாட்டினின் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பெயரே போடாத பொட்டலப் பொடி, "மூலிகை" மாத்திரை, யாரோ ஊரிலிருந்து வாங்கிவந்த டப்பா, இவற்றைச் சாப்பிட்டு வலி மாயமாக மறைந்தது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். முகம் உருண்டையாவது, சர்க்கரை காரணமில்லாமல் ஏறுவது, தோல் மெலிந்து தொட்டாலே ரத்தம் கட்டுவது இவையெல்லாம் அதன் அடையாளம். மாதக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சுயமாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு இல்லாமல் மயங்கி விழும் நிலை வரும். அந்தப் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய், அவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

பாராசிட்டமாலும் களிம்பும்: அளவில்தான் விஷயம்

மாத்திரை அட்டையைப் பிடுங்கிவிட்டுச் சும்மா இருந்தால் அம்மா இரண்டாம் நாள் வேறு அட்டை வாங்கிவிடுவார். அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும்.

பாராசிட்டமால் தேய்மான வலிக்குப் பெரிய மருந்து கிடையாது. ஓரளவுதான் குறைக்கும். ஆனால் நேரம் பார்த்துப் போட்டால் அந்த ஓரளவே ஒரு நாளைக் காப்பாற்றும். வலி உச்சத்துக்குப் போனபின் போடுவதால்தான் "டோலோ எனக்குக் கேட்காது" என்கிறார்கள். போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும், 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். ஆகவே காலையில் எழுந்து காபி குடித்தவுடன் 650 மில்லிகிராம் ஒன்று, முக்கால் மணி கழித்துக் குளியலும் சமையலும். மாலையில் கோயிலுக்கோ கடைக்கோ போவதற்கு முன் இன்னொன்று. தேவைப்பட்டால் படுக்கும் முன் மூன்றாவது. மூன்று சேர்ந்து 1,950 மில்லிகிராம். இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். கல்லீரல் நன்றாக இருந்து எடையும் 50 கிலோவுக்கு மேல் இருந்தால் இந்த வயதில் 3 கிராம் வரை மருத்துவர் அனுமதிப்பார். 50 கிலோவுக்குக் குறைந்தவர், சரியாகச் சாப்பிடாதவர், மது அருந்துபவர் 2 கிராமைத் தாண்டக் கூடாது. 4 கிராம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள், அது நல்ல உடம்புள்ள இளவயதுக்காரர்களுக்கு. அந்த 4 கிராமைத் தினமும் தொடர்ந்தால் பிரஷரும் ஏறுகிறது. 2022இல் வெளியான எடின்பரோ ஆய்வில் மேல் அளவு சுமார் 5 புள்ளி கூடியது.

சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். ஜலதோஷம் பிடித்த அன்று அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது டைக்ளோஃபெனாக் களிம்பு. இதுவும் அதே குடும்பம்தானே என்று கேட்கலாம். மாத்திரையாக விழுங்குவதோடு ஒப்பிட்டால், தடவும்போது ரத்தத்தில் கலப்பது சுமார் 6 சதவீதம்தான். முழங்கால் தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மூட்டு, அதனால் மருந்து நேராகப் போய்ச் சேர்கிறது. இடுப்பு மூட்டுக்கு இது அவ்வளவாக எட்டாது, ஆழம் அதிகம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் களிம்பையும் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

களிம்பு தோற்பது அளவில். கடுகு தாளிக்கும் அளவுக்கு எடுத்துத் தேய்த்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்பார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை நீளமாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு அப்படி நான்கு விரல் நுனி, அதாவது 2 கிராம் வேண்டும். 4 கிராம் வரை போகலாம். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு முழங்காலுக்கு 2 கிராம் மூன்று வேளை என்றால் 30 கிராம் ட்யூப் ஐந்தே நாளில் தீரும். செலவு கையைக் கடித்தால் இரண்டு முழங்காலுக்கும் அரைகுறையாகத் தடவுவதைவிட, அதிகம் வலிக்கும் காலுக்கு மட்டும் முழு அளவு இரண்டு வாரம் தடவிப் பாருங்கள். பலன் தெரிந்தால் தொடருங்கள். இரண்டு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அந்தக் காசு மிச்சம்.

முட்டிச் சில்லின் மேல் மட்டும் தடவினால் போதாது. சுற்றிலும், பக்கவாட்டிலும் தடவ வேண்டும். தைலம் தேய்த்த தோலின் மேல் களிம்பு உள்ளே இறங்காது. தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. புடவை படுவதற்கு முன் பத்து நிமிடம் காயட்டும், ஒரு மணி நேரத்துக்குக் கழுவ வேண்டாம். கடையில் களிம்பு கேட்டால் சூடு, குளிர்ச்சி தரும் மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்ததைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அதுவும் பரவாயில்லை. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெத்தில் சாலிசிலேட் ஆகாது.

தைலம் தேய்த்துக்கொள்வதை நான் தடுக்கமாட்டேன். பேத்தி உட்கார்ந்து பாட்டியின் காலைப் பிடித்துவிடுவதில் மருந்தைத் தாண்டிய சுகம் இருக்கிறது. தேய்த்து முடித்ததும் உள்ளங்காலையும் தரையையும் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் முழங்கால் வலி ஒரு பொருட்டாகவே இருக்காது.

ஒத்தடம்

காலையில் கால் மடங்க மறுக்கும் விறைப்புக்குச் சூடு நல்லது. வெந்நீர்ப் பையில் கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள். முக்கால் பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி, உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு இதமாக இருந்தால் அம்மாவுக்கு வைக்கலாம். 15 முதல் 20 நிமிடம் போதும். "சூடு போதுமா அம்மா" என்று அவரிடம் மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். பத்து வருடச் சர்க்கரையில் சூடு தெரியும் நரம்பு மங்கியிருக்கும், கொப்புளம் வந்தபின்தான் தெரியும். இதே காரணத்தால் வாணலியில் வறுத்துக் கட்டிய உப்பு ஒத்தடமும் மணல் ஒத்தடமும் சர்க்கரைக்காரர்களுக்கு வேண்டாம். அதன் சூட்டை அளக்க வழியில்லை. பாதத்தில் எந்த ஒத்தடமும் கூடாது.

நடந்துவிட்டு வந்தபின் முட்டி புசுபுசுவென்று வீங்கியிருந்தால் அன்று சூடு வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள்.

தேய்மானம் என்ற சொல் செய்யும் கெடுதல்

நமது ஊரில் இந்த நோய்க்குத் தேய்மானம் என்று பெயர் வைத்ததால், நடந்தால் இன்னும் தேயும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பிள்ளைகளும் "நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று உட்கார வைத்துவிடுகிறோம். மூட்டின் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் இல்லை. கால் அசைந்து, அழுந்தி, விடும்போதுதான் மூட்டுத் திரவம் உள்ளே போய் அதற்கு ஊட்டம் தருகிறது. அசையாத மூட்டுக்கு அது கிடைப்பதில்லை. தொடையின் முன்பக்கத் தசை படுத்துக் கிடந்தால் வேகமாக மெலியும், மெலிந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் நேராக எலும்புக்குப் போகும். வலி கூடும், மேலும் படுப்பார். அம்மாவின் கிரேடு 3 என்பது எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பின் படம். வலியின் அளவு அதோடு ஒத்துப்போவதில்லை. கிரேடு 4 உள்ளவர் சந்தைக்கு நடந்து போவதும், கிரேடு 2 உள்ளவர் படுக்கையில் கிடப்பதும் உண்டு. எக்ஸ்ரேயை மாற்ற முடியாது, தொடைத் தசையை 72 வயதிலும் மாற்ற முடியும்.

செய்ய வேண்டியது நான்கு அசைவு. முதல் இரண்டும் படுக்கையில். காலை நீட்டி, துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து, முட்டியால் துண்டைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து எண்ணி விடுவது. ஒவ்வொரு காலுக்கும் பத்து. பிறகு ஒரு காலை மடக்கி ஊன்றி, மற்றதை நீட்டியபடியே ஒரு ஜாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குவது. தூக்குவதைவிட மெதுவாக இறக்குவதில்தான் தசைக்கு வேலை. மூன்றாவது, நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நேராக நீட்டி நிறுத்துவது. நான்காவது, கை வைத்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உட்கார்ந்து எழுவது. முதல் வாரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து தடவை, பிறகு பத்து. நாற்காலி தாழ்வாக இருந்தால் ஒரு கெட்டியான திண்டு போட்டு உயர்த்துங்கள். உட்கார்ந்து எழுவதுதான் நான்கிலும் பெரிது. கழிப்பறையிலிருந்தும் பஸ் சீட்டிலிருந்தும் எழ உதவுவது இதுவே.

எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மௌனமாகச் செய்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வார், பிரஷர் ஏறும்.

எவ்வளவு வலி வரலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. செய்து முடித்தபின் கூடிய முட்டி வலி இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. இரண்டு மணி நேரத்தைத் தாண்டியும் நின்றால், மறுநாள் காலை முட்டி வீங்கியிருந்தால், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். நிறுத்திவிடாதீர்கள். மறுநாள் தொடை வலிப்பது பரவாயில்லை, அது தசை வேலை செய்த வலி. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் ஆகல" என்று விடுபவர்கள்தான் அதிகம். அதனால் ஹாலில் தொங்கும் தினசரி காலண்டரில் செய்த நாளுக்கு ஒரு டிக் போடுங்கள், வலி எவ்வளவு என்று 0 முதல் 10க்குள் ஓர் எண்ணையும் எழுதுங்கள். எண் பிடிக்காதவர் என்றால் "கொஞ்சம், நடுத்தரம், தாங்கல" போதும்.

அந்தக் காலண்டரில் இரண்டு வாரம் போனதும் ஒரு விஷயம் கண்ணில் படும். வலி குறைந்த நாளில் அம்மா மொத்த வீட்டையும் துடைத்து, மாவாட்டி, பரணில் இருப்பதையெல்லாம் இறக்கியிருப்பார். அடுத்த இரண்டு நாள் படுக்கை. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் வேலையின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இருபது நிமிட வேலை, வலி வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம் உட்கார்வது. வலி வந்தபின் உட்கார்வது ஓய்வாக இருக்காது, வலியைக் காத்துக் கிடப்பதாகத்தான் இருக்கும்.

நடை, சமதளத்தில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை. கைத்தடியை வலது முட்டி அதிகம் வலித்தால் இடது கையில் பிடிக்க வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள், அதனால் சுமை குறைவதில்லை. செருப்புப் போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகையின் உயரத்துக்குத் தடியின் பிடி இருக்க வேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆனதும் மாற்றிவிடுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

எடையைப் பற்றி ஒன்றே ஒன்று. உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமப்பது ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. 68 கிலோவில் நான்கு கிலோ குறைத்தாலே அம்மாவுக்கு வித்தியாசம் தெரியும். இரவு இட்லி, தோசையின் எண்ணிக்கையும் நாள் முழுக்கக் குடிக்கும் சர்க்கரை போட்ட காபியும்தான் தொடங்க வேண்டிய இடம். பருப்பு, முட்டை, மோர் குறையக் கூடாது. அவை இல்லாமல் தசை வளராது.

வீட்டில் எதை உயர்த்துவது

முழங்காலுக்குப் பெரிய பகை ஆழமாக மடக்குவது. தரையில் உட்கார்வது, குத்த வைப்பது, இந்தியக் கழிப்பறை, அரிவாள்மணை, வாசலில் குனிந்து குந்திக் கோலம் போடுவது. கட்டில், நாற்காலி, கழிப்பறை மூன்றும் 18 முதல் 20 அங்குல உயரம் இருந்தால் எழும்போது வரும் வலி பெருமளவு குறையும். கழிப்பறையை உடனே இடித்துக் கட்ட முடியாவிட்டால், நடுவில் ஓட்டை உள்ள கமோடு ஸ்டூல் மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். இந்தியக் கழிப்பறை மேல் அப்படியே வைக்கலாம். கால்களுக்கு ரப்பர் பூண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பிளாஸ்டிக் கால் ஈரத்தில் நகரும். பிடித்து எழ ஒரு ஸ்டீல் கைப்பிடியைச் சுவரில் துளைபோட்டு போல்ட்டோடு இறுக்குங்கள். துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது, சுவரோடு பிய்ந்து வரும்.

காய் நறுக்குவது மேசைக்கு வரட்டும். குடத்துக்குப் பதில் அரை வாளி. அடுப்படியில் ஓர் உயர ஸ்டூல். கோலத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவருக்கு நாள் தொடங்குவதே அதில்தான். வாசல் திண்ணையிலோ உயரமான பலகையிலோ சின்னதாகப் போடட்டும், தரையில் போடுவதை வேறொருவர் செய்யட்டும். செருப்பு, வீட்டுக்குள்ளும் சேர்த்து, மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பு, பின்பட்டை வைத்தது. சர்க்கரைப் பாதத்துக்கும் அதுதான் சரி.

இரவில் ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை. மல்லாந்து படுக்கும்போது முட்டிக்குக் கீழே தலையணை வைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் இரவெல்லாம் அப்படிப் படுத்தால் சில மாதத்தில் கால் முழுதாக நீளாது. துணி முட்டி உறையையும் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

பாத எரிச்சல் வேறு வலி

முட்டி வலிக்குச் செய்யும் எதுவும் பாத எரிச்சலுக்குக் கேட்காது. அது நரம்பின் வலி. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது உண்டு, அதுவே எரிச்சலைக் கூட்டும். கிரியாட்டினினோடு பி12 அளவும் பார்த்துவிடுங்கள். மருத்துவர் ப்ரீகாபலின் எழுதிக் கொடுத்தால் முதல் இரண்டு வாரம் தலைசுற்றும், தள்ளாடும். இரவில் ஒன்றுக்குப் போக எழும்போதுதான் விழுவார்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு போட்டுவிட்டு மருந்தைத் தொடங்குங்கள். கால் வீங்கினால் சொல்லுங்கள். சிறுநீரகத்தைப் பொறுத்து அதன் அளவு மாறும், தானாக நிறுத்தவும் கூடாது. அமிட்ரிப்டிலின் மலிவான நல்ல மருந்து, ஆனால் இந்த வயதில் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் தரலாம்.

உடம்பு வலி என்றதும் வைட்டமின் டி எழுதுவார்கள். 60,000 யூனிட் என்று போட்டிருந்தால் அது வாரத்துக்கு ஒன்று. தினம் ஒன்று என்று தவறாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. அட்டையின் மேலேயே "ஞாயிறு மட்டும்" என்று பேனாவால் எழுதிவிடுங்கள்.

கேட்கும் விதம்

"வலி எப்படி இருக்கும்மா?" என்றால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். செலவு வைக்கக் கூடாது, பாரமாகக் கூடாது என்ற எண்ணம். "ராத்திரி எத்தனை தடவம்மா முழிப்பு வந்துச்சு?", "இன்னிக்கு மொட்டை மாடிக்குப் போனியா?" என்று கேளுங்கள். பூ கட்டுவதை நிறுத்தியிருக்கிறாரா, பக்கத்து வீட்டுக்குப் போவதில்லையா, குளிப்பதைத் தள்ளிப்போடுகிறாரா என்று பாருங்கள். பகலெல்லாம் தனியாக இருப்பவருக்கு வலி பெரிதாகத் தெரியும். மதியம் ஒரு போன் அழைப்பை மருந்து நேரம்போல் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கமும் பசியும் பேச்சும் சேர்ந்து குறைந்தால் மனச்சோர்வு வந்திருக்கலாம். அதற்குத் தனியே மருத்துவம் உண்டு, அது சரியானால் வலியும் தணியும். மறதி நோய் உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் அவர் வலியைச் சொல்லமாட்டார். மூச்சின் வேகம், முனகல், முகச்சுளிப்பு, உடம்பை இறுக்குவது, தேற்றினாலும் அடங்காதது, இந்த ஐந்தையும் கவனியுங்கள். புதிதாக வரும் கோபம்கூடப் பல நேரம் வலிதான்.

எப்போது காத்திருக்கக் கூடாது

காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டால் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து. முட்டி திடீரென்று சிவந்து, கொதித்து, காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், அன்றே போக வேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். விழுந்தபின் கால் ஊன்ற முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவு, தூக்கி உட்கார வைக்காமல் 108ஐ அழையுங்கள். முதுகு வலியோடு சிறுநீர் வராமல் போனாலும், தெரியாமல் கசிந்தாலும், உட்காரும் இடம் மரத்தாலும் அவசரம். மலம் தார்போல் கறுத்தால் (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடாதபோது) வயிற்றில் ரத்தம் கசிகிறது. தோளிலோ தாடையிலோ வலியோடு வியர்த்துக் கொட்டினால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள், அது இதயமாக இருக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், தைலம், பொடி உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலண்டர் தாள்களையும். மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று அவர் சொன்னால் அது சில வாரம் நிம்மதி தரும். ஆனால் அடுத்த சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குளுக்கோசமைன் மாத்திரைக்கு மாதாமாதம் காசு கொட்ட நான் சொல்லமாட்டேன், பலன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. டிரமடால் என்ற கடும் வலி மருந்து கலந்த மாத்திரையை அக்கம்பக்கத்தில் யாரிடமும் வாங்கிப் போட வேண்டாம். மயக்கம், மலச்சிக்கல், விழுவது மூன்றும் அதோடு வரும்.

ஆபரேஷன் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். மூன்று மாதம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் இரவுத் தூக்கம் கெட்டு, வீட்டுக்குள் நடக்கவே முடியாவிட்டால் அப்போது அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். அப்படி ஒரு நாள் வந்தாலும் இந்த மூன்று மாத உடற்பயிற்சி வீணாகாது. தொடைத் தசை பலமாக இருப்பவர் ஆபரேஷனுக்குப் பின் சீக்கிரம் நடக்கிறார்.

தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. நடமாட முடியாதவர்களுக்கு முன்னுரிமை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். அந்த நான்கு அசைவுகளையும் முதல் இரண்டு தடவையாவது இயன்முறை சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து திருத்திக் கொடுக்கட்டும். காலைத் தூக்கும்போது முட்டி மடங்குவதையும், எழும்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் சாய்வதையும் அவர் உடனே பார்த்துச் சொல்லிவிடுவார்.